சும்மா இருந்த மெஷின்கள்

அந்த அறைக்குள் முதல்முறை கால் வைத்தபோது எனக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் ஆடி மாதத்து மண்டபம். விளக்குகள் பாதிதான் எரியும். நாற்காலிகள் வரிசையாகக் காத்திருக்கும். காவல்காரர் ஒருவரைத் தவிர ஈ, காக்கை இருக்காது.

நியூ ஜெர்சியின் உட்பகுதியில், நெடுஞ்சாலையிலிருந்து விலகி, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒற்றைத்தளக் கட்டடம் அது. உள்ளே அறுநூறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, இரண்டு திரைகள், ஒரு தொலைபேசி, யாரும் எழுதிப் பார்க்காத ஒரு பேனா. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நியூயார்க் வட்டாரத்துப் பெரிய நிதி நிறுவனங்கள் இப்படி ஒரு மாற்று இடத்தை வைத்துக்கொள்வதில் தீவிரமாகிவிட்டன. தலைமை அலுவலகத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால், மறுநாள் காலை ஊழியர்கள் நேராக இங்கே வந்து உட்கார்ந்து வேலையைத் தொடர வேண்டும். எங்கள் அலுவலகம் ஜெர்சி சிட்டியில், ஹட்சன் ஆற்றங்கரையில், எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடம். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியாகவே தெரியும்.

என்னை அழைத்துப்போன டெஸ்க்டாப் சப்போர்ட்காரர், வருடத்துக்கு இரண்டு தடவை ஒத்திகை நடக்கும் என்றார். மற்ற நாட்களில் இந்த மெஷின்கள் என்ன செய்கின்றன என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்: சும்மா இருக்கு.

இது 2008 மார்ச்சில். அடுத்த நான்கரை வருடம் அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் பிழைத்தேன். தமிழில் 'சும்மா' என்றால் வேலையில்லாமல் என்றும் பொருள், காசில்லாமல் என்றும் பொருள். சும்மா இருந்த மெஷின்களில், சும்மா கிடைத்த மென்பொருளைப் போட்டு, ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் இரவுக் கணக்கை ஓட்டியதுதான் என் வேலை. இரண்டு சும்மாவும் அத்தனை சும்மா இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அந்த நான்கரை வருடமும் தேவைப்பட்டது.

*

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பவர்களிடம் ஒரு வகைத் திட்டத்தை விற்றிருந்தது. உங்கள் பணத்தைப் பங்குச் சந்தையில் போடுவோம்; சந்தை ஏறினால் லாபம் உங்களுக்கு; விழுந்தாலும் ஆயுள் முழுக்க வருடத்துக்கு இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவாதம். வேரியபிள் ஆன்யுட்டி என்று பெயர். வாங்குகிறவருக்கு இனிக்கிற இந்த உத்தரவாதம், விற்றவருக்குத் தினசரித் தலைவலி. அதன் இன்றைய விலை என்ன, நாளை சந்தை ஒரு சதவீதம் விழுந்தால் என்ன, வட்டி மாறினால் என்ன என்று ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு, அதற்கு ஈடாகச் சந்தையில் வாங்கி விற்க வேண்டும்.

இதற்குச் சூத்திரம் கிடையாது. மான்டே கார்லோ முறைதான். எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம் என்று ஆயிரக்கணக்கான பாதைகளைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு கற்பனையாக உருவாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கொடுக்க நேரும் என்று பார்த்துச் சராசரி எடுப்பது. இதில் ஒரு கொடுமை உண்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் பாதைகளை நான்கு மடங்காக்க வேண்டும். ஆயிரம் வெளிச்சூழல், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஆயிரம் பாதை என்று போனால், ஒரே ஒரு பாலிசிக்குப் பத்து லட்சம் பாதை. பாலிசிகளோ ஏராளம்.

நியூயார்க் பங்குச் சந்தை மாலை 4 மணிக்கு மூடும். விலைகள் வந்து சேர ஆறு, ஆறரை ஆகும். காலை 9.30-க்குச் சந்தை திறப்பதற்குள், வாங்கி விற்பவர்கள் படித்துப் பார்க்க நேரம் விட்டு, ஏழு மணிக்கு எண்கள் கையில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த பத்துப் பதினைந்து சர்வர்களில் அந்தக் கணக்கின் ஓட்டம் மறுநாள் மதியம்தான் முடிந்தது. நேற்றைய சமையலுக்கு இன்று உப்புப் பார்ப்பது மாதிரி.

வால் ஸ்ட்ரீட்டில் இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. டேட்டாசினாப்ஸின் கிரிட்சர்வர், பிளாட்ஃபார்ம் கம்ப்யூட்டிங்கின் சிம்ஃபனி ஆகிய இரண்டும் நிதி நிறுவனங்களில் நன்றாகக் காலூன்றியிருந்தன. ஒரு பெரிய வேலையைத் துண்டுபோட்டு ஆயிரம் மெஷின்களுக்குப் பரிமாறி, விடைகளைத் திரும்பச் சேர்த்துத் தரும் கிரிட் மென்பொருள்கள். மெஷின் எண்ணிக்கைக்குத் தக்கபடி லைசென்ஸ். விலைப் பட்டியல் வந்தது. எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து, "வேற வழி இருக்கா பார்" என்றார்.

இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மேடிசன் நகரில், மிரோன் லிவ்னி என்ற பேராசிரியரின் குழு 1988-லிருந்து வளர்த்துவந்த காண்டோர். தென்னமெரிக்கப் பெருங்கழுகின் பெயர். சும்மா கிடக்கும் கணினிகளை வேட்டையாடுவது என்பதைத் தலைப்பிலேயே வைத்துத்தான் அவர்களுடைய முதல் கட்டுரை வந்தது. சன் நிறுவனம் 2001-ல் ஓப்பன் சோர்ஸாக விட்ட கிரிட் எஞ்சினையும் பார்த்தேன். அது யூனிக்ஸ் சர்வர்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பொருத்தமானது. இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மேன் குழுவின் குளோபஸும் இருந்தது. அது ஒரு பல்கலைக்கழகமும் இன்னொரு பல்கலைக்கழகமும் கணினிகளைப் பகிர்ந்துகொள்வதற்கு. என்னிடம் இருந்ததோ யாரும் உட்காராத அறுநூறு விண்டோஸ் டெஸ்க்டாப்கள், சாயங்காலம் ஆனால் ஆற்றங்கரை அலுவலகத்தில் தூங்கும் இன்னும் சில நூறு. கழுகுக்கு ஏற்ற இரை.

*

மென்பொருளை நிறுவுவதற்கு முன்னால் சட்டப் பிரிவைத் தாண்ட வேண்டும். நீளமான மேசையின் எதிர்ப்பக்கம் ஒரு வழக்கறிஞர் அம்மையார். முன்னால் காண்டோரின் உரிமப் பத்திரம். உத்தரவாதம் எதுவும் இல்லை என்று சொல்லும் பத்தியில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார்.

அவர் கேட்டவை மூன்று கேள்விகள். இதை நாம் பயன்படுத்தினால் நம்முடைய சொந்த நிரலையும் ஊருக்குத் திறந்துவிட வேண்டி வருமா? ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவாய்? இதனால் நமக்கு நஷ்டம் வந்தால் யார் மேல் வழக்குப் போடுவது?

முதல் கேள்விக்கு விடை சுலபமாக இருந்தது. அந்த வருடம் வந்த 7.0 பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருந்தது. உள்ளே பயன்படுத்துகிறவர் எதையும் திறக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு ஜூன் மாதம் விடை வந்தது. ரெட் ஹாட் நிறுவனம் எம்ஆர்ஜி என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதில் 'ஜி' என்ற கிரிட் பகுதி காண்டோர்தான். 'எம்' என்ற செய்திப் பரிமாற்றப் பகுதி ஏஎம்க்யூபி என்ற நெறிமுறையில் அமைந்தது. அதைத் தொடங்கியதே ஒரு வங்கி. 2003-ல் ஜேபி மார்கன் சேஸில் ஜான் ஓஹாரா ஆரம்பித்தது. வங்கியே பெற்ற பிள்ளை ஓப்பன் சோர்ஸில் வளர்கிறது என்று சொன்னபோது அம்மையாரின் முகம் கொஞ்சம் இளகியது. காசு கொடுத்தால் போனை எடுக்க ஆள் உண்டு என்றதும் இன்னும் இளகியது.

மூன்றாவது கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. நாங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்த வேறொரு மென்பொருளின் லைசென்ஸை நகல் எடுத்துப் போயிருந்தேன். அதிலும் கிட்டத்தட்ட அதே பத்தி. வழக்குப் போட்டாலும் கட்டிய தொகைக்கு மேல் ஒரு சல்லி பெயராது என்ற வரி கூடுதல். அவர் அதைப் படித்துவிட்டு, மஞ்சள் பேனாவை எடுத்து அங்கேயும் ஒரு கோடு போட்டார். அனுமதி அடுத்த வாரம் வந்தது.

*

காண்டோர் வேலை செய்யும் விதத்தை என் அம்மாவுக்கு ஒருமுறை போனில் விளக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் மணமகன், மணமகள் தேவை விளம்பரம்தான் அது என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை எழுதியவர்களே 'கிளாஸ்ஆட்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்; வரி விளம்பரம்.

ஒவ்வொரு மெஷினும் தன்னைப் பற்றி ஒரு விளம்பரம் கொடுக்கும்: எனக்கு இவ்வளவு மெமரி, இந்த ஆபரேட்டிங் சிஸ்டம், இன்னார் துறையின் சொத்து, விசைப்பலகையை யாரும் தொட்டு இத்தனை நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு ஜாபும், அதாவது துண்டுபோட்ட ஒவ்வொரு வேலையும், தன் பங்குக்கு ஒன்று கொடுக்கும்: எனக்கு இவ்வளவு மெமரி உள்ள இடம் வேண்டும், விண்டோஸாக இருக்க வேண்டும். கட்டாயம் வேண்டியது ஒரு வரியில். இருந்தால் நல்லது என்பது இன்னொரு வரியில். நடுவில் ஒரு தரகர். சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கத்து விளம்பரத்தையும் விரித்துவைத்து ஜோடி சேர்ப்பார். பொருத்தம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஜாபுக்கு மெஷின் பிடித்தால் மட்டும் போதாது. மெஷினுக்கும் ஜாபைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விதி. மெஷினின் சொந்தக்காரர் எப்போதும் முதலாளி. பதினைந்து நிமிடம் யாரும் தொடாமல், வேறு வேலையும் ஓடாமல் இருந்தால்தான் அன்றைய வழக்கமான அமைப்பில் காண்டோர் உள்ளே வரும். சொந்தக்காரர் திரும்பி வந்து ஒரு விசையைத் தட்டினால் உடனே வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கும். பத்து நிமிடத்துக்குள் அவர் எழுந்து போகாவிட்டால் மூட்டை முடிச்சோடு வெளியேறிவிடும். விருந்தாளிக்கு உள்ள இங்கிதம்.

ஒரு குறை இருந்தது. லினக்ஸில் ஓடும் ஜாபை, பாதியில் எப்படி இருந்ததோ அப்படியே படம்பிடித்து எடுத்துப்போய் வேறு மெஷினில் தொடரவைக்கும் வித்தை அன்று காண்டோரிடம் இருந்தது. விண்டோஸில் அது இருக்கவில்லை. வெளியேற்றப்பட்ட ஜாப் மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே கணக்கைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக நறுக்கினோம். போனால் பத்து நிமிடத்தோடு போகட்டும்.

ஜூலையில் முதல் முழு ஓட்டம். காலை 5.10-க்கு முடிந்தது. ஜர்னல் ஸ்கொயர் பக்கம் நியூவார்க் அவென்யூவில் நம் ஊர்க் கடைகள் இருக்கும். அன்று மேலாளரை அங்கே அழைத்துப்போய் மசால் தோசை வாங்கிக்கொடுத்தேன். கத்தி, முள்கரண்டியால் சாப்பிட்டார். மன்னித்துவிட்டேன்.

*

செப்டம்பர் வந்தது. 10-ஆம் தேதி ஜெனீவாவில் லார்ஜ் ஹாட்ரான் கொலைடரில் முதல்முறையாகப் புரோட்டான் கற்றை முழுச் சுற்று வந்தது. எங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில், லாங் ஐலண்டின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில், அந்தச் சோதனையின் தரவுகளை அலசக் காத்திருந்த கணினிகளை மேய்த்ததும் காண்டோர்தான். ஐந்து நாள் கழித்து, 15-ஆம் தேதி திங்கட்கிழமை, லீமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. ஒரே கழுகு, ஒரு பக்கம் பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்ற கணக்கு, இன்னொரு பக்கம் எங்கள் உலகம் எப்படி முடியப்போகிறது என்ற கணக்கு.

சந்தை விழ விழ எங்கள் உத்தரவாதங்கள் கனத்தன. இரவுக்கு ஒரு ஓட்டம் என்பது போய், பகலிலும் ஒன்று வேண்டும் என்றார்கள், பிறகு இரண்டு. சந்தையின் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு நவம்பரில் 80-ஐத் தாண்டி மூடியது. அந்த நாட்களில்தான் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, அக்டோபரில் ஒரு பின்னிரவு. இரவு ஓட்டத்தைக் கண்காணித்தது சென்னை சோழிங்கநல்லூரில் இருந்த எங்கள் குழு. இங்கே இரவு இரண்டென்றால் அங்கே காலை பதினொன்றரை. போன் அடித்தது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா? ஓட்டம் முடிஞ்சிருச்சுண்ணா."

"இப்பவேவா? மணி ரெண்டுதானே ஆகுது?"

"அதாண்ணா எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு. ஒரே ஒரு மெஷின் மட்டும் நாலாயிரம் ஜாப் முடிச்சிருக்குண்ணா. மத்ததெல்லாம் இருபது, முப்பதுதான்."

எழுந்து உட்கார்ந்தேன். பத்து நிமிட ஜாப் நாலாயிரத்தை ஒரு மெஷின் ஒரே இரவில் முடிக்கிறதென்றால் அது மெஷின் இல்லை, பிசாசு. உள்ளே போய்ப் பார்த்தேன். அன்று பகலில் யாரோ அந்த ஒரு டெஸ்க்டாப்பைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். எங்கள் நிரல் ஓடுவதற்குத் தேவையான ஒரு சிறிய நூலகக் கோப்பு விடுபட்டுப்போயிருக்கிறது. ஜாப் வரும், கோப்பு இல்லை என்று ஒரே வினாடியில் செத்துவிழும். காண்டோரைப் பொறுத்தவரை ஜாப் முடிந்தது, மெஷின் காலி. உடனே அடுத்ததைக் கொடுக்கும். அதுவும் சாகும். மற்ற மெஷின்கள் பத்து நிமிடம் உழைத்து ஒன்றை முடிப்பதற்குள் இது நூற்றுக்கணக்கில் விழுங்கிவிடும். கிரிட் வேலை செய்கிறவர்கள் இதற்குக் கருந்துளை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கும் நடப்பதுதான். எந்தப் பந்தியிலும் வேலை தெரியாதவன் கைதான் எப்போதும் காலியாக இருக்கும். கூப்பிட்ட குரலுக்கு முதலில் ஓடிவருவதும் அவன்தான்.

அந்த மெஷினைக் கழற்றிவிட்டு ஓட்டத்தை மறுபடி தொடங்கினோம். எண்கள் போய்ச் சேர மணி பத்தரை ஆகிவிட்டது. சந்தை திறந்து ஒரு மணி நேரம் எங்கள் ஆட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு ஜாபின் விளம்பரத்தில் இரண்டு வரி சேர்த்தேன். பிழையில்லாமல் முடிந்தால்தான் ஜாப் வரிசையை விட்டு விலக வேண்டும். தோற்ற ஜாப், தோற்ற மெஷினுக்கே திரும்பிப் போகக் கூடாது. கையேட்டில் ஏற்கெனவே இருந்த வரிகள்தான். பட்ட பிறகுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

இரண்டாவது, அதைவிட மோசம். ஏனென்றால் எதுவுமே நிற்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடி, நேரத்துக்கு முடிந்து, எண்களும் அழகாக வந்துகொண்டிருந்தன. கணித மாதிரிகளை எழுதும் குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தார். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "பிழை அளவு இத்தனை குறைவாக இருக்க முடியாது" என்றார். குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துண்டுகளின் விடைகளைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னார்.

எக்செலில் திறந்தேன். இருநூறு வரிசை. முதல் எண்ணைப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்த்தேன், கீழே உருட்டினேன். இருநூறும் ஒன்று. கடைசித் தசம இடம் வரைக்கும் அச்சுக் குலையாமல் ஒன்று.

கணினியின் சமவாய்ப்பு எண் உண்மையில் சமவாய்ப்பு இல்லை. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு நீண்ட வரிசையைப் பிறப்பிக்கும். அதே விதைக்கு எப்போதும் அதே வரிசை. மாதிரியை எழுதியவர், தன் மேசையில் சரிபார்ப்பதற்கு வசதியாக, விதையை ஒரே எண்ணாகக் கட்டி வைத்திருந்தார். ஒற்றை மெஷினில் அது நல்ல பழக்கம். நான் அதை இருநூறு துண்டாக நறுக்கியபோது ஒவ்வொரு துண்டும் அதே விதையிலிருந்து, அதே பாதைகளை, அதே வரிசையில் கணக்கிட்டிருக்கிறது. இருநூறு பேரிடம் அபிப்பிராயம் கேட்டோம் என்று நினைத்திருந்தோம். கேட்டது ஒரே ஆளிடம், இருநூறு தடவை. அவர் மாற்றிச் சொல்லவில்லை என்பதை ஒருமித்த கருத்து என்று எடுத்துக்கொண்டோம்.

திருத்தம் அரை வரி. காண்டோர் ஒவ்வொரு துண்டுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒரு வரிசை எண் தரும்; அதிலிருந்து தனித்தனி விதையை உண்டாக்கிக்கொள்ளச் சொன்னோம். ஆனால் தவறு நேர்ந்தது எங்கே என்று யோசித்தால் இன்றைக்கும் கூசுகிறது. மென்பொருளில் பிழையில்லை, மாதிரியிலும் பிழையில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டியவன் நான்.

*

அடுத்த வசந்தத்தில் மேடிசனுக்குப் போனேன். காண்டோர் பயன்படுத்துகிறவர்கள் வருடந்தோறும் கூடும் இடம். இயற்பியல்காரர்கள் தங்கள் வரைபடங்களைக் காட்டினார்கள். உயிரியல்காரர்கள் எத்தனை லட்சம் ஜாப் ஓட்டினோம் என்று பெருமையடித்தார்கள். நிதித்துறை ஆட்கள் சிலரைக் காபி இடைவேளையில் சந்தித்தேன். ஒருவருக்கொருவர் என்ன செய்கிறோம் என்பதை ஜாடையாகத்தான் பேசிக்கொண்டோம். எத்தனை மெஷின் என்று கேட்டால், "கணிசமா இருக்கு" என்பதுதான் பதில்.

விண்டோஸில் ஜாபைத் துப்புரவாக நிறுத்துவதில் இருந்த ஒரு சிக்கலை நாங்கள் கண்டுபிடித்து, நாற்பது வரியில் சரிசெய்திருந்தோம். அதைத் திருப்பிக் கொடுக்க ஆசைப்பட்டேன். ஊருக்கு வந்து சட்டப் பிரிவில் விண்ணப்பம் போட்டேன். வாங்குவதற்கு மூன்று கேள்வி கேட்டவர்கள், கொடுப்பதற்குப் பதினேழு கேள்வி அனுப்பினார்கள். இந்த நாற்பது வரியால் போட்டியாளருக்கு நன்மை உண்டா என்பது அதில் ஒன்று. பதில் எழுதி அனுப்பினேன். படிவம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், பிறகு எந்த மேசையிலும் இல்லை. அந்த நாற்பது வரி இன்னும் அந்த நிறுவனத்தின் ஏதோ ஒரு சர்வரில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சும்மாவுக்கு வேறு பில்களும் வந்தன. அந்த மண்டபத்து மெஷின் ஒவ்வொன்றும் முழு வேலையில் ஐம்பது வாட் கூடுதலாக இழுத்தால்கூட அறுநூறுக்கு முப்பது கிலோவாட்; முப்பது ஹீட்டரை ராத்திரி முழுக்க எரியவிட்ட மாதிரி. ஆளில்லாத அறை என்று ஏசியைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஒரு நள்ளிரவில் வெப்ப எச்சரிக்கை மணி அடித்து, காவல்காரர் தீயணைப்புத் துறைக்குப் போன் பண்ணப் பார்த்தார். மறுவாரம் கட்டடப் பிரிவிலிருந்து எனக்கு மின்கட்டணத்தில் பங்கு கேட்டுக் கடிதம் வந்தது. மென்பொருளுக்குக் காசில்லை என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் காசு வேண்டாம் என்று மேலிடத்தில் ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து இரண்டாவது ஆளை வாங்குவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

பக்கத்துத் துறை சன் கிரிட் எஞ்சினை வைத்திருந்தது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. கொஞ்ச நாளில் இலவசக் கதவு சாத்தப்பட்டது. பழைய மூல நிரல் யார் கையிலிருந்தும் பறிபோகவில்லை. அதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் 2011-ல் யூனிவாவுக்குப் போய்விட்டார்கள். நிரல் இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்தது. எந்தக் கிளையில் உட்காருவது என்று அந்தத் துறையார் மாதக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். எங்கள் கழுகுக்கும் சோதனை வந்தது. வணிகச் சின்ன வழக்கு ஒன்றின் விளைவாக 2012 அக்டோபரில் காண்டோர், எச்டிகாண்டோர் ஆயிற்று. கால் நூற்றாண்டு ஊருக்கு உழைத்த மென்பொருளுக்குத் தன் பெயர்கூடச் சும்மா கிடைக்கவில்லை.

*

அதே அக்டோபரின் கடைசியில்தான் சாண்டி வந்தது. 29-ஆம் தேதி திங்கள் இரவு புயல் நியூ ஜெர்சியில் கரை ஏறியது. ஹட்சன் பொங்கி எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் ரயில் நிலையத்துக்குள் இறங்கியது. ஆற்றங்கரை அலுவலகத்தில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை. நியூயார்க் பங்குச் சந்தை திங்களும் செவ்வாயும் மூடிக் கிடந்தது. வானிலைக்காக இரண்டு நாள் தொடர்ந்து மூடியது 1888-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. புதன் காலை திறக்கும் என்று அறிவித்தார்கள்.

எடிசனில் என் வீட்டிலும் கரண்ட் இல்லை. செவ்வாய் மதியம், விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிக் காரை ஓட்டிக்கொண்டு அந்தப் பெயரில்லாத கட்டடத்துக்குப் போனேன். பின்புறம் டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் முதன்முறையாகக் கார்கள் நிறைந்திருந்தன. மண்டபத்தில் முகூர்த்தம் வந்துவிட்டது.

ஒரு மூலையில் உட்கார்ந்து கிரிட்டின் நிலவரத்தைத் திறந்தேன். திரையில் மெஷினுக்கு ஒரு வரி. ஜாப் ஓடுகிற மெஷினுக்கு எதிரே 'கிளெய்ம்டு' என்று இருக்கும். சொந்தக்காரர் வந்து உட்கார்ந்துவிட்ட மெஷினுக்கு எதிரே வேறொரு சொல்: 'ஓனர்'. இத்தனை வருடத்தில் ஒத்திகை நாட்களைத் தவிர இந்த அறையின் வரிகளில் அந்தச் சொல்லை நான் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தது. ஈரக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு யாரோ விசைப்பலகையைத் தட்டுவார்கள். என் திரையில் ஒரு ஜாப் நிற்கும். பத்து நிமிடத்தில் ஒரு வரி 'ஓனர்' ஆகும். சாயங்காலத்துக்குள் நூற்றுச் சொச்சம் மெஷின்தான் மிஞ்சியது. ஆற்றங்கரை டெஸ்க்டாப்கள் இருட்டில் கிடந்தன. இடைப்பட்ட காலத்தில் வாங்கிய ஒரு ரேக் சர்வர்கள் வேறு ஊரில் பிழைத்திருந்தன.

அதை வைத்துக்கொண்டு விடிவதற்குள் முடியாது என்பது தெரிந்தது. அதிகம் பேசாத அந்தப் பெண்மணி மண்டபத்தின் மறுகோடியில்தான் உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேன். பத்தாயிரம் பாதையை இரண்டாயிரத்து ஐந்நூறாக்கினால் நேரம் கால்வாசியாகும், பிழை இரண்டு மடங்காகும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். வாங்கி விற்பவர்களிடம் நேரில் போய் அதையே சொன்னோம்: இன்றைக்கு எண் கொஞ்சம் மங்கலாக இருக்கும், எவ்வளவு மங்கல் என்பது எங்களுக்குத் தெரியும். ஒத்துக்கொண்டார்கள். பிழை எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு அந்த இருநூறு வரிசைதான் காரணம் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

ஓட்டம் புதன் காலை ஆறு நாற்பதுக்கு முடிந்தது.

ஏழு மணிவாக்கில் செட்டில்மென்ட் பிரிவிலிருந்து ஒரு கோயம்புத்தூர்க்காரப் பெண் வந்து, கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்து மேசையைப் பிடித்தார். இரண்டு நாளாக வீட்டில் ஹீட்டர் இல்லையாம். பையை வைப்பதற்கு மேசைக்கடியில் குனிந்தவர், கணினிப் பெட்டியின் மேல் கை பட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பொட்டி ஏன் இப்படிச் சுடுது? ராத்திரி யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?"

"யாரும் இல்லீங்க" என்றேன். "சும்மாதான் இருந்துச்சு."

அவர் தன் இரண்டு கையையும் அந்தப் பெட்டியின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் குளிர்காய்ந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையைத் தட்டினார். என் திரையில் அந்த வரியும் மாறியது.